பொருத்தமான கொடையாளர் அல்ல

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் சரிபாதி உரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. எங்கள் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். இனியா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். நீங்கள் இருந்தவரை உங்களுக்குப் பயந்து நாலு வார்த்தையாவது தமிழ் பேசினாள், இப்போது அதுவும் போயிற்று. போன வாரம் உங்கள் படத்தைக் காட்டி, “யாரு இது, சொல்லு?” என்றேன். “தாத்தா. நாத்தோ செஸ் ஆடேவாரு” என்றாள். என்னோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தார் என்று பொருள். இனி ஆட வரமாட்டீர்கள் என்று அவளுக்கும் புரிந்திருக்கிறது.

சைனிக்புரியில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் கொண்டாப்பூரிலிருந்து போய், ஜன்னல்களைத் திறந்து வைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். ரோஜாத் தொட்டிகளில் இரண்டு பட்டுப்போய்விட்டன. அதற்கு என்னைத் திட்டாதீர்கள். வெயில் பக்கம் வைக்காதீர்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை. ஹைதராபாத் தமிழர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவரும் மலரில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சம்மதம் வாங்காமல் அடுத்தவர் கதையை எழுதலாமா என்று கேட்பீர்கள், தெரியும். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றிவிட்டேன். இதில் வரும் நம் வீட்டார் மூன்று பேருக்கும் முழுவதையும் படித்துக் காட்டினேன், மூவரும் சரி என்றார்கள். உங்களிடம் மட்டும் கேட்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுத வந்தது நீங்கள் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. எனக்குத் தெரிந்து நீங்கள் சொன்ன ஒரே பொய் அது. படிப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் முதலில் சந்தித்தது சம்பந்திகளாக அல்ல, ஒரு மருத்துவமனையின் நெறிக்குழுவில். டாக்டர்கள் செய்வதை டாக்டர்களே சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அந்தக் குழுவில் வெளியாட்களையும் உட்கார வைப்பார்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். ராணுவத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற நீங்கள் வந்தீர்கள். மருத்துவமும் தெரியாத, சட்டமும் தெரியாத பொதுஜனம் ஒருவர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நான் வந்தேன். குகட்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். நீங்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, தாள்களைக் கோடு போட்டதுபோல் அடுக்கி வைத்திருப்பீர்கள்.

முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். நான் ஏதோ சொன்னேன். “எந்த விதிப்படி சொல்றீங்க, டீச்சரம்மா?” என்றீர்கள். விதி எதுவும் இல்லை, போன மாதம் இதே மாதிரி ஒரு கேஸ் வந்ததாம், அதில் என்ன செய்தார்களோ அதைத்தான் சொல்கிறேன் என்றேன். “கணக்கு டீச்சருக்கே சூத்திரம் பிடிக்கலீன்னா எப்படீங்க?” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சூத்திரம் நக்கோ சார். இங்க உக்காந்திருக்கறது எண்ணு இல்ல, மனுஷங்க” என்றேன். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் இந்த ஊர் வார்த்தை தானாக வந்துவிடும். கோபிச்செட்டிபாளையத்துக்காரரான உங்களுக்கு நக்கோ என்றால் வேண்டாம் என்று குழுவின் தலைவரம்மா சொல்லித்தான் புரிந்தது.

தலைவரம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் பலகையில் நான்கு விஷயம் எழுதுவார். நோயாளியின் விருப்பம். நன்மை செய்வது. தீமை செய்யாதிருப்பது. பாரபட்சம் பாராதிருப்பது. நீங்கள் அந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே இறங்கி நோயாளியிடம் வருவீர்கள். நான் நோயாளியிடம் ஆரம்பிப்பேன். இவரைப் போல முன்னால் யார் வந்தார், அவருக்கு என்ன செய்தோம், அது சரியாகப் போயிற்றா, இவர் அவரிடமிருந்து எதில் வேறுபடுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாதி நாள் இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டு, எப்படி வந்தோம் என்பதற்கு அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம்.

நாம் உள்ளே சம்மதப் படிவத்தைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, உங்களை அழைத்துப்போகக் காரில் வந்த உங்கள் மகன் அருணும், என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த என் மகள் ரேவதியும் கேன்டீனில் உட்கார்ந்து தங்கள் சம்மதத்தைப் பரிமாறிக்கொண்டுவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமானதும் நீங்கள் முதலில் செய்த காரியம், குழுவின் குறிப்பேட்டில் அதை எழுத வைத்தது. சட்ட உறுப்பினரும் பொது உறுப்பினரும் உறவினர் ஆகப்போகிறார்கள், இனி இவர்கள் ஒருமித்துச் சொல்வதைச் சந்தேகத்தோடு பார்க்கவும். தலைவரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த இரண்டு பேரும் ஒருமித்துச் சொல்லும் நாள் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்றார்.

அந்த நாளும் வந்தது. அண்ணன் தம்பி கேஸ். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. தம்பி ஒன்றைக் கொடுப்பதாக வீட்டார் முடிவு செய்து, ஒரு வேன் நிறைய ஊரிலிருந்து வந்திறங்கியிருந்தார்கள். தம்பியைத் தனியே உட்கார வைத்துப் பேசிய கவுன்சலர் பெண்ணிடம் அவன், “நாக்கு பயங்கா உந்தி, மேடம்” என்று அழுதிருக்கிறான். பயமாக இருக்கிறது, ஆனால் மாட்டேன் என்று சொன்னால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது, எனக்கு ஏதோ நோய் இருப்பதாக நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான்.

அப்படிச் சொல்லலாமா, கூடாதா? நீங்கள் கூடவே கூடாது என்றீர்கள். “ஆஸ்பத்திரி பொய் சொல்லக் கூடாதுங்க. இன்னைக்கு நல்லதுக்குன்னு ஒண்ணு சொன்னா, நாளைக்கு அவங்க சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. இல்லாத நோயை எழுதினா அந்தப் பையன் காலத்துக்கும் அதைச் சுமக்கோணும்.” நான் அதற்கு முந்திய ஒரு பெண்ணின் கேஸை எடுத்தேன். புருஷனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. நாம் உண்மையை உள்ளபடி சொன்னோம். இரண்டு மாதம் கழித்து, புகுந்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று இரண்டு குழந்தைகளோடு வந்து நின்றாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று கேட்டாள். உண்மை சொன்னதற்கு அவள் பட்ட பாட்டை நான் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு அரைத்தாளோடு வந்தீர்கள். அதில் மூன்று வரி. பரிசோதனை முடிந்தது. இவர் பொருத்தமான கொடையாளர் அல்ல. காரணத்தை மருத்துவமனை யாரிடமும் சொல்வதில்லை. உடம்பில் குறை இருப்பவருக்கும் இதே வரிதான், மனமில்லாதவருக்கும் இதே வரிதான். “மனசில்லாதவரும் பொருத்தமில்லாதவர்தானுங்களே, டீச்சரம்மா. இதுல பொய் எங்க இருக்குது?” என்றீர்கள். எல்லோருக்கும் ஒரே வரி என்பதால் யாரும் தனியே மாட்டிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் விதியும் உடையவில்லை, நான் சொன்ன அந்தப் பெண்ணைப் போல இன்னொருத்தி தெருவில் நிற்கவும் வேண்டாம். “விதியைத் தைச்சு, கேஸுக்குப் போட்டுப் பார்த்து, இறுக்கற இடத்துல பிரிச்சு விடோணுமுங்க. திரும்பத் தைக்கோணும்” என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்களுக்கு நான் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தம்பியும் அவன் வீட்டாரும் அதே வேனில் ஊருக்குப் போனார்கள். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை எழுத உட்கார்ந்து நாம் எத்தனை பேரை நினைத்துப் பார்த்தோம். கொடுப்பவர், வாங்குபவர், மாமியார், ஊர்ப் பெரியவர். அதை எழுதிய நம் வீட்டுக்கே அது ஒருநாள் வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

சர்க்கரை உங்கள் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது என்று தெரிந்த அன்றே குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தீர்கள். “நோயாளி நாற்காலியில உக்காந்துட்டு அந்த நாற்காலியிலயும் உக்காரக் கூடாதுங்க.” உங்கள் மனைவி போய் வெகுகாலம் ஆயிற்று. அருண் யாரும் கேட்பதற்கு முன்பே, “நான் தரேன்ப்பா” என்றார். ஓ பாசிட்டிவ், அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே ரத்தம் என்று நீங்கள் என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள். வாரக்கணக்கில் பரிசோதனை நடந்தது. பிறகு ஒரு நாள் டாக்டர் நம்மைக் கூப்பிட்டு, உங்கள் அரைத்தாளில் இருந்ததை உங்களுக்கே சொன்னார். பரிசோதனை முடிந்தது. உங்கள் மகன் பொருத்தமான கொடையாளர் அல்ல.

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “அப்பச் சரிங்க. டயாலிசிஸுக்கு எந்தெந்த நாள் வரோணுமுங்க?” என்று மட்டும் கேட்டீர்கள். வேறு வீடாக இருந்தால், உடம்பில் ஏதோ சேரவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டு அதோடு விட்டிருப்பார்கள். அந்த வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கக் கூடும் என்று நம் இருவருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது இருக்கிறதா? இல்லை, பயந்துவிட்டாரா? இல்லை, சின்னக் குழந்தையை வைத்திருந்த என் மகள் அழுது தடுத்துவிட்டாளா? முதல் இரண்டு கேள்வி பரவாயில்லை. மூன்றாவது என்னைத் தூங்கவிடவில்லை. என் மகளின் கண்ணீரால் உங்கள் ஆயுள் குறைந்தால் நான் எந்த முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பேன்?

உங்கள் அக்கா கோபியிலிருந்து வந்தது அடுத்த மாதம். சைனிக்புரி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ரேவதி பரிமாறிக்கொண்டிருந்தாள். அக்கா நிமிர்ந்து பார்க்காமல், “ஏன்டா தம்பி, பெத்த பையனோடது சேராதாக்கும்? இல்ல, யாராச்சும் வேண்டாம்னுட்டாங்களா?” என்றார். ரேவதியின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. அருண் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். நீங்கள் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “ரத்த வகை சேரலைக்கா” என்றீர்கள்.

எனக்குப் புரையேறிவிட்டது. கூட்டக் குறிப்பில் சுமார் பத்து நிமிடம் என்று எழுதினால், சுமாரை எடுங்கள், பன்னிரண்டு நிமிடம் என்று திருத்துகிற ஆள் நீங்கள். கண்ணைக் கூடச் சிமிட்டாமல் அக்காவிடம் பச்சைப் பொய் சொன்னீர்கள். அக்கா மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

கிளம்பும்போது கேட் அருகில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். “என்ன சம்பந்தி, நீங்களே இப்படி” என்றேன். “பொய்தானுங்க. இல்லீன்னு சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளை கரண்டியோட நின்னுதுங்களே, அதைப் பார்த்ததும் வாயில வந்துருச்சு. காரணத்தைப் பின்னாடி யோசிக்கோணும்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் காலமெல்லாம் செய்ததை நீங்கள் ஒரே வாய்ச் சோற்றில் செய்துவிட்டீர்கள்.

ஆனால் நீங்கள் நீங்கள்தானே. செய்ததோடு விட முடியவில்லை. புதன்கிழமைகளில் டயாலிசிஸுக்குத் துணையாக நான் வருவேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் அந்தப் பொய்க்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்றீர்கள் ஒரு வாரம். அடுத்த வாரம் நீங்களே, அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பொய் நல்ல பொய் ஆகிவிடும் என்று தள்ளிவிட்டீர்கள். கேட்க உரிமையில்லாத கேள்விக்கு உண்மையான பதில் கடமையில்லை என்றீர்கள் இன்னொரு வாரம். “கூடப் பொறந்தவங்களுக்கு உரிமை இல்லையா?” என்றேன். முகம் வாடிப்போயிற்று. அக்காவின் இடத்தில் உங்களை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னீர்கள் பிறகொரு நாள். “என்கிட்ட இப்படிப் பொய் சொல்லியிருந்தா எனக்குப் பிடிச்சிருக்காதுங்க, டீச்சரம்மா. அதோட முடிஞ்சுது.” நான் உங்களுக்காக முந்தைய கேஸ்களில் எல்லாம் தேடினேன். ஒன்றும் பொருந்தவில்லை.

கடைசி வரை உங்களுக்குக் காரணம் கிடைத்ததா? ஒரு திங்கட்கிழமை காலை, டயாலிசிஸுக்குப் புறப்படச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் இதயம் நின்றுவிட்டது. புதன்கிழமை நான் வருவதற்குள் போய்விட்டீர்கள். அந்த வாரத்துக்கு ஏதாவது யோசித்து வைத்திருந்தீர்களா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

உங்கள் முதலாண்டு நினைவு நாள் நெருங்குகிறது. கோபியில் வைத்துச் செய்ய வேண்டும் என்கிறார் உங்கள் அக்கா. அதைச் சொல்லப் போன மாதம் எனக்குப் போன் செய்தார். பேசி முடித்து வைக்கப் போகும்போது, “ஏனுங்க சம்பந்தியம்மா, நீங்க அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியில இன்னும் இருக்கறீங்கதானே? நெசமாலுமே ரத்த வகைதானுங்களா?” என்றார். அடுப்பில் ஏதோ பொங்குகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே குழுக் கூட்டம். புதிதாக வந்திருக்கும் சிறுநீரக மாற்று அறுவை டாக்டர், சின்ன வயதுக்காரர், உங்கள் வரியை எடுத்துவிட வேண்டும் என்றார். உடம்பில் குறை உள்ளவர்களுக்கு அதை வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், குற்றமில்லாதவர்கள் ஏன் சந்தேகத்தைச் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதுவரை அந்த வரி கொடுக்கப்பட்ட கேஸ்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, பெயர்களை மை பூசி மறைத்து, ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். முன்பு நடந்ததைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இத்தனை வருடம் கத்தியவள் நான். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

நடுவில் ஒரு தாள். வாங்குபவர், ஆண், அறுபத்தெட்டு. கொடுக்க வந்தவர், மகன், ஒரே மகன், முப்பத்தாறு. ஓ பாசிட்டிவ்.

கீழே நான்கைந்து வரிகள் இருந்தன. காரணம் அங்கேதான் இருக்கும். மருத்துவக் காரணம் என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், என் மகள் மேல் பழியில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி அக்காவுக்குப் போன் செய்யலாம். வேறு மாதிரி இருந்தால்? உள்ளங்கையை அந்த வரிகள் மேல் பொத்திவிட்டேன். படிக்கக் கூடாது என்ற நல்ல புத்தியில் பொத்தினேன் என்று உங்களிடம் சொன்னால் நம்பமாட்டீர்கள். பயத்தில் பொத்தினேன். “இது எங்க வீட்டுத் தாள்” என்று தலைவரம்மாவிடம் சொல்லி, கட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பிறகு கூப்பிட்டார்கள். பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது என்றார் தலைவரம்மா. சின்ன டாக்டர் ஒரு தாயின் கேஸைச் சொன்னார். மகளுக்குக் கொடுக்க ஓடிவந்தவள், தன் உடம்பில் இருந்த குறைதான் காரணம் என்று தெரிந்தும், மருத்துவமனை வாயைத் திறக்காததால் சம்பந்தி வீட்டாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறாளாம். மனதை அறுத்தது. ஆனாலும் நான் சொன்னேன், குறை உள்ளவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொல்லிவிட்டால், காரணம் சொல்லப்படாதவர்கள் எல்லாம் மறுத்தவர்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்குக் கதவைத் திறந்தால் மற்றவரைக் காட்டிக்கொடுத்ததாகும். எல்லோருக்கும் ஒரே வரி, இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். பேசி முடித்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, நான் பேசியது முழுக்க நீங்கள். கணக்கு டீச்சர் கடைசியில் சூத்திரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

வரி அப்படியே நிற்கிறது, சம்பந்தி. ஒரு திருத்தம் மட்டும் செய்தார்கள். பரிசோதனை தொடங்கும் முன்பே, கொடுப்பவர், வாங்குபவர், கூட வந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். முடிவு எதுவானாலும் காரணம் சொல்ல மாட்டோம், அதற்குச் சம்மதமானால் மட்டும் தொடங்குவோம் என்று. சின்ன டாக்டரும் அதற்குச் சரி என்றார். நல்ல பையன். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

அன்று மாலையே கொண்டாப்பூர் போனேன். ரேவதி இனியாவை நீச்சலுக்கு அழைத்துப் போயிருந்தாள். அருண் தனியாக இருந்தார். தாளைக் கையால் பொத்தியதைச் சொன்னேன். “அத்தை, நானே சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “அப்பாகிட்டயும் சொல்லப் பார்த்தேன். டயாலிசிஸுக்குக் கார்ல போகும்போது. அவர் விடலை” என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் சொன்னார். உங்கள் குரலிலேயே சொன்னார். “வேண்டாம் சாமி. நீ சொன்னா ஒண்ணு எனக்கு நிம்மதி ஆயிரும், இல்லீன்னா மனசு ஒடஞ்சிரும். ரெண்டும் இல்லாமயே உம்மேல எனக்குப் பிரியம் இருக்குதில்ல. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

நான் அந்த சோபாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாப்பிள்ளை முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம் கூட இல்லை. அந்தப் பிரியத்தை நான் என் மகளிடம் வைக்காமல், இத்தனை வருடமாக அவள் முகத்தைக் கேள்வித்தாள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். “எனக்கும் சொல்லாதீங்க மாப்பிள்ளை” என்றேன். அவர் தலையாட்டினார். ரேவதி வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். என்னம்மா ஆச்சு என்று அவள் பயந்துபோனாள்.

மறுநாள் காலை உங்கள் அக்காவுக்குப் போன் செய்தேன். மூன்று வருடமாகச் சுற்றிச் சுற்றி வந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ரத்த வகை இல்லை, உங்கள் தம்பி உங்களிடம் பொய் சொன்னார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். அருணையும் ரேவதியையும் இனி யாரும் கேட்கக் கூடாது.

என் மேல் பாயப்போகிறார், ரேவதியை ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் அவிய ரெண்டு பேரையும் கேக்கலீங்க, சம்பந்தியம்மா” என்றார். “அன்னைக்கு வந்தப்ப எம்பட ரத்த ரிப்போர்ட்டு, ஸ்கேனு எல்லாம் பையில வெச்சுக் கொண்டாந்திருந்தனுங்க. பையனோடது இல்லீன்னா அக்கா நான் இருக்கறேன்னு சொல்லலாம்னுதான் பேச்சை எடுத்தேன். எனக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தமுங்க. சேரலைன்னு சொன்னவன், உம்படது சேருமாக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களே. நீங்க யாருமே கேக்கலீங்களே.”

சம்பந்தி, உங்களுக்கு இது தெரியுமா?

எழுபத்தைந்து வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம். டாக்டர் ஒரே நிமிடத்தில் வேண்டாம் என்றிருப்பார். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது டாக்டர். நாம் அவரை அந்த வாசல் வரைக்கும் கூட வரவிடவில்லை. கொடுக்க மனமில்லாதவர்களைக் காப்பாற்ற நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கொடுக்க மனமிருந்து, யாரும் கேட்காமல், ரிப்போர்ட்டுகளைப் பையிலேயே வைத்துக்கொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்த ஒருத்தரை நாம் இரண்டு பேரும் சந்தேகக்காரி என்று நினைத்துக்கொண்டோம். மெஷின் ஓடிய அத்தனை புதன்கிழமைகளிலும் அந்தப் பொய் யாரைக் காப்பாற்றியது என்றே பேசினோம். யார் மேல் விழுந்தது என்று பேசவில்லை.

நினைவு நாளுக்கு நான் கோபி வருகிறேன். அருணும் ரேவதியும் இனியாவும் வருகிறார்கள். உங்கள் அக்கா பக்கத்தில் உட்காரப் போகிறேன். அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு தாளாகப் பார்க்கப் போகிறேன். உங்கள் பொய்க்குக் காரணம் சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டதற்கு உங்கள் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்பேன். இது சத்தியம்.

உங்கள் அக்காவைத் தன் அக்காவாக இனி வைத்துக்கொள்ளப் போகும்,
உங்கள் சம்பந்தி,
டீச்சரம்மா